24 ரொட்டி எதற்கு?

குழு: ஆலமரத்து வீடு

யாழினி: கேட்சிங் ஃபயர் முடித்துவிட்டேன்!!! ஹங்கர் கேம்ஸ் மூன்றாவது பாகம் யாரிடம் இருக்கிறது? இப்போதே வேண்டும்.

செல்வி: மணி என்ன ஆகிறது? காலையில் டியூஷன் இல்லையா?

யாழினி: அம்மா, பக்கத்து அறையில் இருந்துகொண்டு குழுவில் ஏன் திட்டுகிறாய்?

கார்த்தி: அந்த இரண்டாவது பாகமா? எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதல் பாகத்தில் ஒரு போட்டி, இதிலும் அதே போட்டி. 27 அத்தியாயத்தில் 18 முடிந்த பிறகுதான் அரங்கத்துக்குள்ளேயே போகிறார்கள். அதுவரை ஊர் ஊராகச் சுற்றுப்பயணம், கல்யாண உடை, விருந்து.

யாழினி: அண்ணா, அந்த 18தான் புத்தகமே!

தாத்தா: என்ன போட்டி? கபடியா?

யாழினி: இல்லை தாத்தா. பானெம் என்று ஒரு நாடு, வட அமெரிக்கா அழிந்த பிறகு வருவது. தலைநகரம் கேபிட்டல், அதற்குக் கீழே 12 மாவட்டங்கள். எப்போதோ கலகம் செய்ததற்குத் தண்டனையாக, வருடா வருடம் ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள். ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும், மிஞ்சுகிறவர் வெற்றி. எல்லாம் டிவியில் நேரலை.

தாத்தா: படுபாவிகள்.

கார்த்தி: தாத்தா ஒரே வார்த்தையில் விமர்சனம் எழுதிவிட்டார்.

மீனா: கார்த்தி, அதே போட்டி என்று எப்படிச் சொல்கிறாய்? முதல் பாகத்தில் ஜெயித்தால் வீட்டுக்குப் போகலாம். இதில் ஜெயித்தவர்களைத்தான் திரும்ப உள்ளே தள்ளுகிறார்கள். 25 வருடத்துக்கு ஒரு முறை விசேஷ விதி. 25ஆவது போட்டியில் யாரை அனுப்புவது என்று மாவட்டத்தார் தாங்களே ஓட்டுப் போட வேண்டியிருந்தது. 50ஆவதில் இரண்டு மடங்கு, 48 பேர். இது 75ஆவது. பழைய வெற்றியாளர்களிலிருந்து குலுக்கல். 12ஆம் மாவட்டத்தில் உயிரோடு இருக்கும் ஒரே பெண் வெற்றியாளர் கதாநாயகி காட்னிஸ். சீட்டு எடுப்பதே நாடகம்.

தாத்தா: ஜெயித்தவர்கள் என்றால் எல்லாரும் இளவட்டம் இல்லையே?

யாழினி: இல்லை தாத்தா, மாக்ஸ் என்று 80 வயதுப் பாட்டி வருகிறார். ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டதும் அவளுக்குப் பதிலாகத் தானாக முன்வந்தவர். அரங்கத்தில் நஞ்சுப் பனிமூட்டம் துரத்துகிறது. காட்னிஸோடு முதல் போட்டியில் ஜெயித்த பீட்டாவால் ஓட முடியவில்லை. கூட்டாளி ஃபின்னிக் முதுகில் மாக்ஸ். அவன் பீட்டாவைத் தூக்கிக்கொண்டால், காட்னிஸால் மாக்ஸைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அந்தப் பாட்டி ஃபின்னிக்குக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நேராகப் பனிக்குள்ளே நடந்து போய்விடுகிறார்.

தாத்தா: 😔

சுந்தர்: நான் படம் மட்டும் பார்த்தேன், 2013இல் வந்தது. அதில் கூட்டம் மூன்று விரலைத் தூக்குமே, பிறகு மியான்மர் செய்தியில் பார்த்தது அதுவா?

கார்த்தி: அதேதான் மாமா. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு. அதற்கு முன்பே 2014இல் தாய்லாந்தில். அங்கே மாணவர்கள் பிரதமர் முன்னாலேயே விரலைக் காட்டிக் கைதானார்கள்.

மீனா: அந்தப் 11ஆம் மாவட்டக் காட்சிக்காகவே சுற்றுப்பயண அத்தியாயங்களை மன்னிக்கலாம். முதல் போட்டியில் செத்துப்போன அந்த மாவட்டத்துச் சிறுமி ரூவுக்காக காட்னிஸ் நன்றி சொல்கிறாள். கூட்டத்தில் ஒரு கிழவர் ரூவின் மெட்டை விசிலடிக்கிறார். எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள். அந்தக் கிழவரைப் படிக்கட்டில் நிறுத்தித் தலையில் சுடுகிறார்கள். இவள் நல்லது நினைத்துத்தான் பேசினாள்.

யாழினி: எனக்கு ஜனாதிபதி ஸ்னோ தலையாட்டும் இடம்தான் அத்தை. முதல் போட்டியில் பீட்டாவோடு சேர்ந்து சாகத் துணிந்ததற்குக் காதல்தான் காரணம், கலகம் இல்லை என்று ஊரை நம்ப வை என்று அவர் காட்னிஸின் வீடு தேடி வந்து மிரட்டுகிறார். அவளும் என்னென்னமோ செய்கிறாள், டிவியில் கல்யாணம் வரைக்கும் ஒத்துக்கொள்கிறாள். கடைசியில் அவரைப் பார்க்கிறாள். லேசாக ஒரு தலையாட்டல். இல்லை என்று. அவ்வளவுதான்.

கார்த்தி: சரி, அது நன்றாக இருக்கும். ஆனால் முடிவு? போட்டியாளர்கள் ஃபின்னிக், ஜோஹானா, பீட்டீ, காட்னிஸின் வழிகாட்டி ஹேமிட்ச், போட்டியை நடத்தும் பிளூடார்க் வரைக்கும் எல்லாரும் அவளை மீட்கக் கூட்டுச் சதி. காட்னிஸுக்கும் பீட்டாவுக்கும் மட்டும் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் உட்காரவைத்து விளக்குகிறார்கள். வாசகனை ஏமாற்றுகிற வேலை.

மீனா: அந்த விளக்கம் அவசரமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஏமாற்று என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கதையைச் சொல்வது அவள், அதுவும் நிகழ்காலத்தில். அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. ஸ்னோ அவளை வைத்து விளையாடுகிறார், சரி. காப்பாற்ற வந்தவர்களும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பாகத்தில் இந்தக் கசப்பு கிடையாது. ஹேமிட்ச் முகத்தை அவள் நகத்தால் கீறும்போது எனக்கு ஹேமிட்ச் மேல் பரிதாபமே வரவில்லை.

யாழினி: அத்தை, ரொட்டி!!

மீனா: ஆமாம், ரொட்டியைச் சொல்.

யாழினி: கார்த்தி அண்ணா, அரங்கத்துக்குள் பாராசூட்டில் ரொட்டி வருகிறதே. ஃபின்னிக் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டி எண்ணுவான். 24ஆ என்று பீட்டீ கேட்பார். காட்னிஸ், இவன் சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பத்தான் பார்க்கிறான் என்று நினைப்பாள். அந்த ரொட்டி 3ஆம் மாவட்டத்து ரொட்டி. மூன்றாம் நாள், 24ஆவது மணி. மீட்க வருகிற நேரம்!

கார்த்தி: அடப்பாவி. அதை நான் கவனிக்கவே இல்லை.

யாழினி: பிளூடார்க் விருந்தில் கடிகாரத்தைக் காட்டுவதும் அப்படித்தான். அரங்கமே கடிகாரம். 12 மணிப் பகுதியில் மின்னல், அடுத்ததில் இரத்த மழை, அப்புறம் பனி, குரங்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆபத்து.

சுந்தர்: படத்தில் ரொட்டி வந்த ஞாபகம் இல்லையே.

மீனா: படத்தைப் பாதி தூங்கிக்கொண்டு பார்த்தீர்கள்.

கார்த்தி: அப்படியானால் மூன்றாவதில் ஒருத்தர் சாகும்போது இன்னும் அழுவாய் யாழினி.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

யாழினி: அண்ணா!!! நீக்குவதற்கு முன்னால் என்ன எழுதினாய்?

சுந்தர்: நான் பார்த்துவிட்டேன். பெயரும் இருந்தது.

யாழினி: மாமா, சொன்னால் உங்களோடு பேச மாட்டேன்.

சுந்தர்: சொல்ல மாட்டேன். அது யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

மீனா: மாக்கிங்ஜே என்னிடம் இருக்கிறது யாழினி. ஞாயிற்றுக்கிழமை வா, தருகிறேன். அட்டையை மடக்கக் கூடாது.

செல்வி: அண்ணி, பரீட்சை முடிந்த பிறகு கொடுங்கள்.

யாழினி: அம்மாஆஆ

தாத்தா: எனக்கு முதல் பாகம் வேண்டும். இங்கிலீஷ் பரவாயில்லை. எழுத்து பெரிதாக இருக்குமா?

கார்த்தி: தாத்தா, என் டேப்லெட்டில் போட்டுத் தருகிறேன். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம்.

தாத்தா: அதில் யார் சாகிறார்கள் என்று நீ முதலிலேயே சொல்லிவிடாதே.