லெக்சர் என்பதற்கு விரிவுரையா, சொற்பொழிவா?

கேள்வி: கல்லூரி அழைப்பிதழ் ஒன்றை மெய்ப்புப் பார்க்கையில், ஒரே நிகழ்ச்சி மேலே ‘சிறப்புச் சொற்பொழிவு’ என்றும் கீழே ‘சிறப்பு விரிவுரை’ என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா ஐயா?

மறுமொழி: ஒன்றல்ல. மாணவர்க்குப் பாடத்தை விளக்கி நடத்துவது விரிவுரை. அவையோர் முன் சுவைபட ஆற்றுவது சொற்பொழிவு.

மற்றொரு மறுமொழி: ‘லெக்சர்’ என்பது வாசித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் நூலை வாய்விட்டுப் படித்து விளக்க, மாணவர் கேட்டனர். நம் ‘உரை’யும் நூலைப் பற்றி நிற்பதே. நன்னூல் கூறும் காண்டிகையுரை, விருத்தியுரை ஆகிய இரண்டில் பின்னது அகல விரிப்பதாதலால், விரிவுரை என்ற ஆக்கம் எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

இன்னொரு மறுமொழி: வீட்டில் ‘லெக்சர் அடிக்காதே’ என்றால் அது வேண்டாத அறிவுரை, அங்கே விரிவுரை என்று எழுதினால் சிரிப்பார்கள்.

கேட்டவர்: நன்றி. மாணவர் மட்டுமே கேட்கும் பாட நிகழ்ச்சி என்பதால் மேல்வரியைத் திருத்திவிட்டேன்.