இத்தாலியப் பந்தய மிதிவண்டி: வலப்பக்க பி.பி. (பாட்டம் பிராக்கெட், மிதி அச்சு சுழலும் இடம்) கப் மீண்டும் மீண்டும் தளர்கிறது, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் வட இத்தாலியின் ரெஜ்ஜோ எமீலியாவில் வசிக்கிறேன். கடந்த குளிர்காலத்தில் இங்குள்ள ஒரு முதியவரிடமிருந்து பழைய பந்தய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். சட்டகத்தில் கொலம்பஸ் குழாய்களுக்குரிய புறாச் சின்னத்தின் ஒட்டுத்தாள் பாதி உரிந்த நிலையில் இருந்தது. பாகங்கள் பெரும்பாலும் கம்பாக்னோலோ நிறுவனத்தின் நுவோவோ ரெக்கார்ட் வகை. பின் டெரெய்லரில் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 78 என்ற எண் பொறிக்கப்பட்டிருப்பதால், வண்டியும் 1978ஐ ஒட்டியே கட்டப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். சட்டகத்தில் துரு படர்ந்திருந்ததால், அதை ஒரு பட்டறையில் கொடுத்துப் பழைய வண்ணத்தை நீக்கிப் புதிதாகப் பூசிவித்தேன். கழற்றும் வேலையையும் அவர்களே செய்து, பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பூட்டியது நான்.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டியதும் வலக் காலை அழுத்தும் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்குகிறது. வண்டியை நிறுத்தி கிராங்கைப் (மிதியைத் தாங்கும் கை) பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்தால் ஆட்டம் தெரிகிறது. மிதி அச்சின் பால்ரஸ்களைத் தாங்கி, சட்டகத்துக்குள் திருகி நிற்கும் இரு கப்களில் இடப்பக்கக் கப்பைச் சிறிது உள்ளே திருகி, பூட்டு வளையத்தை இறுக்கினால் ஆட்டம் மறைந்துவிடுகிறது. அடுத்த பயணத்தில் மீண்டும் அதே கதைதான். இப்படி நான்கு முறை செய்துவிட்டேன். பால்ரஸ்கள் புதியவை. ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் பதினொன்று வீதம், கிரீஸ் வைத்துப் போட்டிருக்கிறேன். கப்பிலோ அச்சிலோ குழி விழுந்த தடம் எதுவும் இல்லை.

சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் மாமாவின் சைக்கிள் கடையில் கை கொடுத்துப் பழகியவன் நான். வலப்பக்கக் கப்பை அளவோடு இறுக்கினால் போதும், மிதிக்க மிதிக்க அது தானாகவே இறுகிக்கொள்ளும் என்று மாமா சொல்லித் தந்திருந்தார். இந்த வண்டியிலும் அப்படியே செய்தேன். ஆனால் இதில் அந்தக் கப்பை வலச்சுழியாகத் திருகியபோதுதான் உள்ளே ஏறியது, அது எனக்குச் சற்று விநோதமாக இருந்தது. அக்டோபரில் கையோலே இன் கியாந்தியில் நடக்கும் லெரோய்கா என்ற பழைய பந்தய மிதிவண்டிகளுக்கான பயணத்தில் இந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம். அந்த மண்சாலைகளில் இதை நம்பி ஏற முடியுமா? எங்கே தவறு செய்கிறேன்?

முதல் பதில்

வணக்கம் நண்பரே. கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஊகத்தின் மேல் வண்டியைப் பிரிக்க வேண்டாம். முதலில் நான்கு விவரங்கள் வேண்டும். பி.பி. குழாயின் அகலத்தை வெர்னியர் கொண்டு அளந்து சொல்லுங்கள்: பிரிட்டிஷ் அளவாயின் 68 மி.மீ., இத்தாலிய அளவாயின் 70 மி.மீ. இருக்கும். கப்பின் முகத்தில் என்ன எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். அச்சின் நடுவில் இருக்கும் எண்ணையும் படியுங்கள். பிறகு ஆட்டம் தெரியும் நேரத்தில், வலப்பக்கக் கப்பின் விளிம்புக்கும் சட்டகத்தின் முகத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய தாளின் மூலையைச் செருகிப் பாருங்கள்.

கிராங்க் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் அதையும் 15 மி.மீ. சாவியால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நுவோவோ ரெக்கார்ட் கிராங்க் என்றால் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வலக் கிராங்கின் கை, பல்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கிளைகளோடு சேரும் இடத்தில், கைக்கு இருபுறமும் உள்ள கூரிய மூலைகளில் இருந்து விரிசல் தொடங்குவது இந்த வகைக் கிராங்கில் பலரும் கண்ட குறை. அழுக்கு நீக்கி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, அதன் மேல் சாக்குப் பொடி தூவி ஒரு மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் ஊறி வந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கிராங்கில் இனி ஏறவே கூடாது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு எல்லாவற்றையும் பார்த்தேன். அகலம் 70 மி.மீ. சரியாக இருக்கிறது. கப்பின் முகத்தில் 36 x 24 என்ற எண்களும் அதையடுத்து ஓர் எழுத்தும் உள்ளன. அச்சில் 70 என்ற எண்ணோடு இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கிராங்க் போல்ட் இறுக்கமாக இருந்தது. சாக்குப் பொடியில் எந்தக் கோடும் விழவில்லை, அதை மட்டும் விளக்கு வைத்து மூன்று முறை பார்த்தேன்.

தாளைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது. சம்பளச் சீட்டின் மூலையைச் செருகினேன், கப்பின் விளிம்பைச் சுற்றிப் பாதி வட்டம் வரை தடையின்றிப் போனது. அத்தோடு வேறொன்றையும் கண்டேன். விளிம்புக்கு அடியில் புதிய வண்ணம் நசுங்கி, உதடுபோல வெளியே பிதுங்கி நிற்கிறது. நகத்தால் கீறியபோது சிறு சுருளாக உரிந்து வந்தது.

முதல் பதிலளித்தவர்

அப்படியானால் ஐயமே இல்லை. உங்களுடையது இத்தாலிய மரை. குறுக்களவு 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, இரு பக்கமும் வலச்சுழி. பிரிட்டிஷ் முறையில் வலப்பக்கக் கப் இடச்சுழி மரை கொண்டது. உங்கள் மாமா சொன்னது அந்த வண்டிகளுக்கு முழுக்கச் சரி. இத்தாலிய வண்டியில் அது நேர் எதிராக வேலை செய்கிறது.

காரணத்தைக் கையாலேயே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி, அதற்குள் ஒரு பென்சிலைத் தளர்வாக நிறுத்துங்கள். பென்சிலின் மேல் நுனியைப் பிடித்து, அது வளையத்தின் உட்புறத்தை ஒட்டியே போகும்படி வலச்சுழியாகச் சுற்றுங்கள். பென்சில் தன்னைத் தானே இடச்சுழியாக உருட்டிக்கொள்வதை விரலிடுக்கில் உணர்வீர்கள். கப் என்பது பென்சில், சட்டகத்தின் மரை விரல் வளையம். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் நாம் மிதிக்கும்போது அச்சு வலச்சுழியாகச் சுழல்கிறது, அதோடு கப்பின் மேல் விழும் பாரமும் இடம் மாறிச் சுற்றிவருகிறது. மரையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் கப் எதிர்த்திசையில், அதாவது இடச்சுழியாக, உருளப் பார்க்கும். உராய்வு கப்பை அச்சு போகும் திசையில்தானே இழுக்கும் என்று பலரும் வாதிடுவார்கள். ஆனால் பால்ரஸ்கள் நடுவில் உருள்வதால் அந்த உராய்வு மிகச் சொற்பம். இந்த உருளலோ முழு உடல் பாரத்தோடு நடக்கிறது. வலச்சுழி மரைக்கு இடச்சுழி என்றால் கழல்வதுதான்.

நீங்கள் இடப்பக்கக் கப்பை நான்கு முறை உள்ளே திருகியதால் ஆட்டம் மறைந்ததே தவிர, நோய் தீரவில்லை. வலப்பக்கம் வெளியே நகர நகர, இடப்பக்கத்தை நீங்கள் பின்தொடர்ந்து தள்ளிக்கொண்டிருந்தீர்கள். இதனால் அச்சு முழுவதுமே வலப்பக்கம் நகர்ந்திருக்கும், சங்கிலியின் நேர்கோடும் தவறியிருக்கும்.

ஆகவே இந்தக் கப்பை நிறுத்திவைப்பவை இரண்டே: இரும்பின் மேல் இரும்பு உட்காரும் சுத்தமான முகம், முழு பலத்தோடு இறுக்கிய இறுக்கம். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. விளிம்பு வண்ணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்ணம் நசுங்கியதும் இருந்த கொஞ்ச இறுக்கமும் போய்விட்டது. வண்ணம் பூசியவர்கள் மரையையும் முகத்தையும் மூடிவிட்டுத்தான் பூசியிருக்க வேண்டும், ஆனால் அப்படிச் செய்யவில்லை.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். சட்டகத்தின் முகத்தில் உள்ள வண்ணத்தைக் கப்பின் விளிம்பு படும் அகலத்துக்கு மட்டும் சுரண்டி எடுங்கள். அரத்தால் ராவ வேண்டாம், முகம் கோணிவிடும். இந்த முகங்களைச் சமமாகச் சீவும் கருவியும் 36 x 24 மரைவெட்டியும் உங்கள் ஊர்ப் பழைய சைக்கிள் பட்டறைகள் சிலவற்றில் இன்னும் இருக்கும். ஒரு மணி நேர வேலைதான், கொடுத்துச் செய்வதே நல்லது. பிறகு சட்டக மரையையும் கப்பின் மரையையும் எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் கழுவி உலர்த்துங்கள். வலப்பக்கத்துக்கு கிரீஸ் வேண்டாம். லாக்டைட் போன்ற மரை ஒட்டும் திரவத்தை நடுத்தர வலுவில் தேர்ந்து, மரையைச் சுற்றிச் சில துளிகள் விட்டு இறுக்குங்கள்.

இறுக்குவதற்குச் சரியான கருவி வேண்டும். கப்பின் இரு தட்டை முகங்களும் 36 மி.மீ. அகலத்தில், மிக மெல்லியவையாக இருப்பதால் சாதாரண ஸ்பானர் வழுக்கி, முகத்தையும் உங்கள் விரல் மூட்டையும் ஒருசேரக் காயப்படுத்தும். கருவி கிடைக்காவிட்டால், கப்பின் துளை வழியே ஒரு தடித்த போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, உட்புறம் வாஷரும் நட்டும் போட்டு, கப்பை நடுவில் நெருக்கிப் பிடியுங்கள். பிறகு போல்ட்டின் தலையை நீண்ட பிடியுள்ள ஸ்பானரால் வலச்சுழியாகத் திருகினால் போல்ட்டும் இறுகும், கப்பும் இறுகும். இத்தாலிய மரையில் கப்பை ஏற்றுவதற்கு இது மிகப் பொருத்தமான வழி. ஒரு முழு நாள் உலரவிட்டு மற்றவற்றைப் பூட்டுங்கள்.

இரண்டாவது பதில்

மேலே சொன்னவற்றோடு முழுக்க உடன்படுகிறேன், ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். கப்பை முதலில் வெறும் கையால் ஏற்றுங்கள். மூன்று சுற்றாவது விரலால் போகவில்லை என்றால் அது கோணலாக ஏறுகிறது என்று பொருள், அங்கே ஸ்பானரை எடுக்கவே கூடாது. பிரிட்டிஷ் மரை கெட்டுப்போன சட்டகத்தை 36 மி.மீ. ஆகப் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டிக் காப்பாற்றுவது வழக்கம். இத்தாலிய மரை கெட்டுவிட்டால், இதுபோன்ற பழைய சட்டகத்தில் அடுத்து வெட்ட அதைவிடப் பெரிய வழக்கமான அளவு ஏதுமில்லை.

இவ்வளவு சிரமத்துக்கு மூடிய கார்ட்ரிட்ஜ் (அச்சும் பால்ரஸும் ஒன்றாக அடைத்த தொகுதி) வாங்கிப் போடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். இத்தாலிய மரைக்கு வரும் கார்ட்ரிட்ஜிலும் வலப்பக்கம் வலச்சுழிதான், அதையும் இதே கவனத்தோடுதான் இறுக்க வேண்டும். அதோடு, கிராங்க் பொருந்தும் அச்சு நுனியின் சதுரச் சரிவு ஜப்பானிய அளவில் இருந்தால் உங்கள் கிராங்க் சில மில்லிமீட்டர் வெளியே நின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள பழைய கப்களை வைத்துக்கொள்வதே சரி.

இடப்பக்கத்தைச் சரிசெய்யும்போது, பூட்டு வளையத்தை இறுக்குகையில் கப் சிறிதளவு வெளியே இழுபடும். ஆகவே வளையம் போடுமுன் அச்சு இம்மியளவு கனமாகச் சுழலும்படி வையுங்கள். இறுக்கிய பின் அது சரியாகிவிடும். ஆட்டத்தைச் சோதிக்க அச்சைப் பிடித்து அசைப்பதை விட, கிராங்கைப் பூட்டி அதன் நுனியைப் பிடித்து அசைத்தால் நுட்பமாகத் தெரியும்.

கேட்டவர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே ஒரு பழைய பட்டறைக்காரர் முகங்களைச் சீவி, மரையையும் சுத்தம் செய்து தந்தார். மரைவெட்டியின் பள்ளங்களிலிருந்து அவர் தட்டிக் கொட்டிய நீல வண்ணத் துகள் ஒரு தேக்கரண்டி இருக்கும். கப்பைப் போல்ட் முறையில் நானே இறுக்கினேன். என் பலம் முழுவதையும் கொடுத்தேன், வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த மகனும் சேர்ந்து தள்ளினான்.

இறுக்கி முடித்ததும் கப்பின் விளிம்பிலிருந்து சட்டகம் வரை குறுக்காக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வரைந்துவைத்தேன். இதுவரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. அதில் இரண்டு முறை கனோசா கோட்டை வரை ஏறி இறங்கியதும் அடங்கும். சத்தம் இல்லை. இடப்பக்கக் கப்பைத் தொடவே தேவை ஏற்படவில்லை. தாள் நுழையவில்லை. இன்று காலை துணியால் துடைத்துப் பார்த்தேன், கோடு வரைந்த இடத்தில் நேராகவே இருக்கிறது.

அடுத்து ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல்தொகுதி). முன்னால் சிறிய பல்சக்கரம் 42 பல், இந்தக் கிராங்கில் அதைவிடச் சிறியது எளிதில் கிடைக்காது என்பதால், பின்னால் டெரெய்லர் ஏற்கும் 26 பல் வரை போக எண்ணியிருக்கிறேன். அதற்குச் சங்கிலி நீளம் கணக்கிடுவது பற்றித் தனியாகக் கேட்கிறேன். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.