புங்க இலைப் புடைப்புக்கு ஒரு சொல்

ஏர்வாடியிலிருந்து:
முதுவேனில் காட்டுநடைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. ஊருணிக்கரைப் புங்கமரத்தில் இலையெல்லாம் விரல்விரலாகப் புடைத்திருக்குமே, அதற்கு என்ன பெயர்? 'gall' என்ற ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தால் 'கால்' ஆகிவிடுகிறது. 'பூச்சிக்கட்டி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மண்டபத்திலிருந்து:
'பூச்சி' வேண்டாம் ஐயா. தென்னங்குரும்பையைச் சொறியாக்கும் ஈரியோபைட் சிலந்தியின் (வலை பின்னும் சிலந்தி அல்ல, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) உறவுதான் புங்க இலையிலும் இருப்பது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு நான்கே. நீளம் ஏறக்குறைய 0.2 மி.மீ.; 10 மடங்கு லென்சில் வெள்ளைத் துணுக்காகத் தெரியும்.

பார்க்கும் முறையையும் கையேட்டில் சேருங்கள். இலை வாடினால் சிலந்தி கிடைக்காது. பறித்த கையோடு பாலித்தீன் பையில் போட வேண்டும். கச்சான் காற்றில் பிளந்தால் பறந்துவிடும். மறைவான நிழலில் கருப்புத்தாள் விரித்து, புடைப்பை பிளேடால் நெடுக்காகக் கீற வேண்டும். ஒருபுறம் வாய் திறந்து உள்ளே மயிரடர்ந்திருந்தால் பெரும்பாலும் சிலந்தி. முழுக்க மூடிய அறைக்குள் புழு இருந்தால் ஈ அல்லது குளவி. ஓட்டை விழுந்திருந்தால் உள்ளிருந்தது போய்விட்டது, வேறொன்றைப் பறியுங்கள்.

பரமக்குடியிலிருந்து:
'முடிச்சு' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

மண்டபத்திலிருந்து:
தவறாகப் புரியும். உளுந்து வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதும் வேர்முடிச்சு, நூற்புழுவால் கத்தரி வேர் வீங்குவதும் வேர்முடிச்சு. ஒன்று நன்மை, மற்றது நோய். மூன்றாவதையும் அதில் கட்ட வேண்டாம்.

தேவிபட்டினத்திலிருந்து:
நம் முன்னோர் இதைக் 'காய்' என்றார்கள். நாட்டுமருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் காயே அல்ல. மேற்காசியக் கருவாலி (ஓக்) மரக்கிளையில் குளவி முட்டையிட்டதால் திரண்டது. ஓட்டையில்லாமல் கனமாக இருப்பதையே தரமானது என்று பொறுக்குவார்கள். குளவி வெளியேறுமுன் பறித்தது அது. ஆகவே 'பொய்க்காய்' என்போம்.

பரமக்குடியிலிருந்து:
பாடநூலில் 'பொய்க்கனி' ஏற்கெனவே இருக்கிறது அம்மா, முந்திரிப்பழத்துக்கு. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

தேவிபட்டினத்திலிருந்து:
அப்படியானால் 'பரு'. பருத்தல், பருமன், பரு எல்லாம் ஒரே வேர். பருப்பும் பருக்கையும் அங்கிருந்தே முளைத்தவை என்பேன், பருவத்தையும் சேர்க்கலாம். இலைப்பரு, தண்டுப்பரு, பூப்பரு என்று சொல் தானாகவே கிளைக்கிறது.

மண்டபத்திலிருந்து:
பருவத்தை விட்டுவிடுவோம், அது வடசொல் வழக்கு. 'பரு' எனக்குச் சம்மதம். உண்டாக்கியது எதுவென்று சொல்லாமல் உருவத்தை மட்டும் சொல்கிறது.

ஏர்வாடியிலிருந்து:
மூவர் 'பரு' பக்கம். இலைப்பரு என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

முதுகுளத்தூரிலிருந்து:
என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். நெல்லில் ஆனைக்கொம்பன் ஈ தாக்கினால் குருத்து வெங்காயத்தாள்போல வெள்ளைக் குழலாக நீளும். அந்தத் தூர் கதிர்விடாது. அதுவும் இதே வகைதான். எங்கே பருத்திருக்கிறது அது? உழவர் ஆனைக்கொம்பு என்று உருவம் பார்த்துப் பெயர் வைத்தார்கள். உங்கள் 'பரு' என் வயலுக்குப் பொருந்தாது.