கூரைக்கு நிறம் தேர்ந்தெடுத்த அனுபவம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மார்க்கம்_வாசி

மூன்று கிழமையாக மனதில் கிடக்கிறது, எழுதினாலாவது ஆறும் என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஷிங்கிள்ஸ், அதுதான் கூரையில் ஓடு மாதிரி அடுக்கி அடிக்கிற தார் அட்டை, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. மழை பெய்தால், கூரைத் தண்ணீர் வடிகிற பீலியின் வாயில், அட்டையின் மேல் ஒட்டியிருந்த நிறக் குறுணி உதிர்ந்து மணல் மாதிரிக் குவிந்து கிடக்கும். இனி மாற்றாமல் முடியாது என்ற நிலை.

கொன்ராக்டர் ஒரு பலகை கொண்டுவந்தார், உள்ளங்கை அளவு துண்டுகள் ஒட்டியது. இரவு எட்டு மணி, குசினி மேசை, மேலே மஞ்சள் பல்ப். நானும் மனைவியும் ஒரே துண்டைத்தான் தொட்டோம். அடுப்புச் சாம்பல் நிறம், இடையிடையே மண்ணிறக் குறுணி. வீடு சிவப்புச் செங்கட்டி, அதற்கு வடிவாக இருக்கும் என்று கையெழுத்து வைத்தோம்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. மாலை வேலையால் வந்து தெருமுனையில் காரைத் திருப்பினேன். வானம் முழுக்க முகில். கூரை நீலமாக இருந்தது. ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட நீலக் காற்சட்டை பல தரம் தோய்த்து வெளிறினால் ஒரு நிறம் வருமே, அதேதான். மனைவி வாசலில் நின்றார். கூரையைப் பார்க்கவில்லை, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாயிருக்கு" என்று சொன்னேன். அந்தப் பொய்தான் இன்னும் உறுத்துகிறது.

ஸ்காபரோ_அண்ணை

தம்பி, உங்களுக்குத் தனிவீடு. எங்களது செமி. நடுச்சுவர் பொது, கூரையும் ஒரே கூரை, ஆளுக்குப் பாதி.

பக்கத்து வீட்டில் ஒரு வயதானவர், தனியாக இருக்கிறார். போன வருடம் அவர் தன் பாதியை மாற்றப்போகிற நேரம், கையில் இரண்டு துண்டுகளோடு வந்து கதவைத் தட்டினார். ஒன்று கறுப்பு, ஒன்று மண்ணிறம். எது பிடிக்கும் என்று கேட்டார். நான் போனில் இருந்தேன். துண்டுகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "உங்கள் விருப்பம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் கறுப்புப் போட்டார்.

இந்த வருடம் எங்கள் முறை. எங்கள் செங்கட்டிக்கு மண்ணிறம்தான் பொருந்தும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், போட்டோம். இப்போது முகட்டிலிருந்து பீலி வரைக்கும் தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு நேர்கோடு. வேலை முடிந்த அன்று அவர் நடைபாதையில் நின்று மேலே நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அந்த இரண்டு துண்டுகளையும் வைத்திருந்த கை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பிளேனோக்காரன்

டெக்சாஸில் எங்கள் பகுதிக்கு ஆலங்கட்டி மழைதான் எமன். மேற்குச் சரிவு மட்டும் அடி வாங்கியது. இன்சூரன்ஸ் அந்தச் சரிவுக்கு மட்டும் பணம் தந்தது. அதே கம்பெனி, அதே நிறப்பெயர் பார்த்து வாங்கினோம். ஒட்டி முடித்ததும் என் மகள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அப்பா, நம்ம வீட்டுக்கு பேண்ட்-எய்ட் போட்டிருக்காங்க" என்றாள். ஒன்பது வருட வெயிலில் பழையது வெளுத்திருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்க்கம் நண்பருக்கு ஒன்று. சாம்பல் நீலமானதற்கு ஷிங்கிளையோ கொன்ராக்டரையோ குறை சொல்ல முடியாது. மஞ்சள் விளக்கில் எந்தச் சாம்பலும் மண்ணிறம் பூசிக்கொள்ளும். மேகமூட்டத்திலும் நிழலிலும் வெளிச்சத்திலேயே நீலம் கூடுதல். உள்ளங்கைத் துண்டில் தனித்தனியாகத் தெரிகிற நான்கு நிறக் குறுணிகள் முப்பது அடி தள்ளி நின்றால் கலந்து ஒரே நிறமாகிவிடும். அதனால் இனி வாங்கப்போகிறவர்கள் துண்டை நம்பவே வேண்டாம். ஒரு முழுக் கட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மூன்று கட்டு சேர்ந்தால் நூறு சதுர அடி, ஒரு கட்டுக்குப் பெரிய செலவில்லை. நாலைந்து ஷிங்கிளை ஒட்டுப்பலகையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கூரைச் சரிவு போலச் சாய்த்து, வீட்டுச் சுவரோரம் வைத்து, தெருவுக்குப் போய்ப் பாருங்கள். காலை, உச்சிவெயில், சாயங்காலம் மூன்று நேரமும் பார்க்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஈரத்திலும் பாருங்கள். அப்புறம், வருகிற கட்டுகளில் லாட் நம்பர், அதாவது எந்தத் தடவை தயாரித்தது என்கிற எண், ஒன்றுதானா என்று பாருங்கள். லாட் மாறினால் ஒரே பெயரிலேயே நிறம் லேசாக மாறும். ஓரத் தகரம், குழாயைச் சுற்றிய மூடி, இதற்கெல்லாம் என்ன நிறம் என்று முன்கூட்டியே கேளுங்கள். எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கிற தெருவென்றால் நிறத்தின் பெயரோடு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஆணி அடிக்க விடாதீர்கள். முடிந்தவரை வெளிர் நிறமே போடுங்கள், ஏசி பில் வெகுவாகக் குறையும்.

எடிசன்_அக்கா

வெளிர் நிறம் போட்டால் பில் குறையும் என்று பிளேனோ தம்பி கடைசி வரியில் சொன்னதை நம்பித்தான் நானும் அப்போது ஏமாந்தேன், அதனால் எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் வெளிர் சாம்பல் போட்டோம். சில வருடத்தில் வடக்குச் சரிவில் மட்டும் முகட்டிலிருந்து கீழ்வரை கறுப்பாக வழிந்திருந்தது. தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருந்தாள். காரைவிட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தவள், "ஏண்டி, வீடு அழுதிருக்கா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது புகையோ அழுக்கோ இல்லை, ஒரு நுண்ணுயிர். குளோயியோகேப்சா மேக்மா என்று பெயர். ஈரம் காயாத வடக்குப் பக்கத்தில் வளரும், ஷிங்கிளில் கலந்திருக்கும் சுண்ணாம்புத்தூளைத் தின்னும். கறுப்புக் கூரையிலும் வரும், ஆனால் கண்ணுக்குப் படாது. செம்புக் குறுணி கலந்த ஷிங்கிள் இருக்கிறது என்று வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவர் வந்து பிரஷர் வாஷரில் அடித்தார். கறுப்போடு குறுணியும் உதிர்ந்து பீலி நிறைந்தது.

பில் கணக்குக்கும் வருகிறேன். கறுப்பு ஷிங்கிள் வெயிலில் 5 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும், சாதாரண வெள்ளை ஷிங்கிள் 25 சதவீதம் போல. வெள்ளையே முக்கால் பங்கு வெயிலைக் குடிக்கிறது. நடுவில் இருக்கிற வெளிர் சாம்பலில் பில் எப்படி வெகுவாகக் குறையும்? பரணில் இன்சுலேஷனும் காற்றோட்டமும் இல்லாமல் நிறத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பிளேனோக்காரன்

அக்கா, "வெகுவாக" என்றது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே ஆகஸ்டில் 40 டிகிரி. அந்த 20 சதவீத வித்தியாசம் பரணுக்குள் ஏறினால் தெரியும். உங்கள் குளிருக்குச் சொல்வது எங்கள் வெயிலுக்குப் பொருந்தாது.

எடிசன்_அக்கா

அதை முதலிலேயே எந்த ஊருக்கு என்று சேர்த்து எழுதியிருந்தால் சண்டையே இல்லை.

மார்க்கம்_வாசி

மிஞ்சின ஷிங்கிள் அரைக் கட்டு கராஜில் கிடந்தது. பிளேனோ நண்பர் சொன்ன மாதிரி நேற்று இரண்டை எடுத்துப் புல்லில் வைத்தேன். வெயிலில் சாம்பல், நாங்கள் தொட்ட அதே சாம்பல். மேப்பிள் நிழலுக்குள் தள்ளினால் நீலம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணை, அந்தப் பெரியவரோடு பிறகு கதைத்தீர்களா?

மற்றவர்களிடம் ஒரு கேள்வி. முன்கதவு இப்போது பச்சை. இந்தக் கூரைக்கும் செங்கட்டிக்கும் நடுவில் என்ன நிறம் அடித்தால் பொருந்தும்? இந்த முறை பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் வாங்கப்போகிறோம்.

ஸ்காபரோ_அண்ணை

இன்னும் இல்லை தம்பி. சனிக்கிழமை அவர் புல் வெட்ட வெளியே வருவார். போகிறேன்.