அறுபது மோதல்களில் வென்ற பிறகு முசாஷி எதைத் தேடினார்?

கேள்வி: ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 13 வயதிலேயே அரிமா கிஹெய் என்ற வாள்வீரரை வென்றவர். 29 வயதுக்குள் ஊர் ஊராக அலைந்து அறுபதுக்கும் மேற்பட்ட மோதல்கள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆனால் 50 வயது வாக்கில்தான் வாள்கலையின் உண்மையான வழி பிடிபட்டது என்று 'ஐந்து வளையங்களின் நூல்' என்ற தன் புத்தகத்தில் அவரே எழுதுகிறார். இடையில் இருபது ஆண்டுகள் எதற்கு?

பதில் 1: முப்பது தாண்டியதும் தன் வெற்றிகளையே சந்தேகித்தார். பிறவித் திறமையாக இருக்கலாம், எதிராளிகளின் முறை பலவீனமாக இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். தோற்காத ஒருவர் இப்படி யோசிப்பது அபூர்வம். எனக்கு அவரைப் பிடித்ததே இதனால்தான்.

பதில் 2: பயிற்சியையும் பாருங்கள். வாளைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக, நடுவிரல் இறுகாமலும் தளராமலும், கடைசி இரண்டு விரல்கள் இறுக்கமாக இருக்க வேண்டும் என்கிறார். கைக்கு ஒன்றாக இரண்டு வாள் ஏந்தும் அவருடைய முறையும் வித்தை காட்ட அல்ல. குதிரை மேலோ கரடுமுரடான பாதையிலோ இரு கையாலும் ஒரே வாளைப் பிடித்தால் சிரமம். ஒற்றைக் கைக்கு நீள வாள் பழக வேண்டும். முதலில் கனக்கும், அப்புறம் பழகிவிடும்.

கேள்வி கேட்டவர்: சரி, கடைசிக் காலம்?

பதில் 1: 1640இல் குமமோட்டோவில் ஹோசொகாவா பிரபுவிடம் தங்கினார். 1643இல் ரெய்கன்தோ என்ற குகையில் அந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்தார், 1645இல் இறந்தார். மை ஓவியமும் வரைவார். பட்ட கிளை நுனியில் கீச்சான் குருவி உட்கார்ந்திருக்கும் படத்தைத் தேடிப் பாருங்கள். கிளையில் ஒரு புழு ஏறிக்கொண்டிருக்கும்.