எஃப் கார்ட் ஒலிக்க மாட்டேன் என்கிறது: கோளாறு விரலிலா, கிட்டாரிலா?

ஆறுதந்தி:

வணக்கம். ஆசிரியர் இல்லாமல் கிட்டார் பழகுகிறேன், மூன்று மாதம் ஆகிறது. ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக், 12-53 லைட் செட் (தந்திகளின் கனம்). ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர் ஐந்தும் தனித்தனியே சுத்தமாக வருகின்றன. சிக்கல் மூன்று:

1. எஃப் பார் கார்டில் (ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பது) 1, 2-ஆம் தந்திகள் (1 மிக மெல்லியது, 6 மிகத் தடித்தது) 'டொக்' என்று செத்து ஒலிக்கின்றன. இறுக்கிப் பிடித்தால் ஒரே நிமிடத்தில் கட்டை விரலின் அடிச்சதை வலிக்கிறது.
2. ட்யூனரில் ஆறு தந்தியும் சரியாக நிற்கின்றன. ஆனாலும் சி கார்ட் அடித்தால் சுருதி ஒட்டவில்லை.
3. ஜியிலிருந்து சிக்கு மாறும்போது தாளத்தில் ஓட்டை விழுகிறது.

விரலுக்கு இன்னும் வலு வர வேண்டுமா, அல்லது தவறு வேறெங்காவது இருக்கிறதா?

சாடில்மேடு:

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்க நிலைக் கிட்டார்களில் நட் பள்ளத்தை முழு ஆழம் வெட்டாமல் விட்டுவிடுவது சகஜம். மேடாக இருந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆழமாகப் போய்விட்டால் திறந்த தந்தியே முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி; இரண்டு கம்பிக்கு நடுவே உள்ளது கட்டம்) உரசி இரையும். மேடாக விட்ட அந்தப் பாரம் கடைசியில் பழகுபவர் விரலில் விழுகிறது. விரலில் வலு இல்லை என்று நினைத்துப் பலர் கிட்டாரையே கைவிடுவது இதனால்தான்.

சோதனை ஒன்று: 6-ஆம் தந்தியைத் துல்லியமாக 'இ'க்குச் சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் ஒலி சுத்தமாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்தி மீட்டுங்கள். ட்யூனர் முள் எஃப்பின் நடுவிலோ மூன்று நான்கு சென்ட் மேலேயோ நிற்க வேண்டும். (அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட்.) 10 சென்டுக்கு மேல் ஏறினால், அழுத்தும்போது தந்தி அளவுக்கு மீறி இழுபடுகிறது. அதே தந்தியை 12-ஆம் ஃப்ரெட்டிலும் பாருங்கள். அங்கே சரியாக இருந்து முதல் ஃப்ரெட்டில் மட்டும் ஏறினால் நட்தான் குற்றவாளி. திறந்த தந்திகள் சரியாக இருந்தும் சி கார்ட் பிசகுவது இப்படித்தான்: அதில் மூன்று விரல்களும் நட்டை ஒட்டிய முதல் மூன்று கட்டங்களில் இருக்கின்றன.

சோதனை இரண்டு: 2-க்கும் 3-க்கும் இடைப்பட்ட கட்டத்தில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட் கம்பிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சாதாரணத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அந்த ஒரு தாள் நுழைந்தால் போதும். தடித்த தந்திகளுக்குச் சற்றுக் கூடலாம். நான்காக மடித்த தாள் தாராளமாக நுழைந்தால் நட் மிக உயரம்.

கையோடு 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் உச்சியிலிருந்து தந்தியின் அடிவரை அளந்துவிடுங்கள். 6-ஆம் தந்திக்கு 2.4 மி.மீ, 1-ஆம் தந்திக்கு 1.6 முதல் 1.8 வரை இருந்தால் வசதி.

பார்விரல்:

மேலே சொன்னது சரி. ஆனால் நட்டைச் சரிசெய்தாலும் கட்டை விரல் வலி தானாகப் போகாது. அது பிடியில் உள்ள தவறு. பார் கார்டைக் கிடுக்கி மாதிரி நசுக்கிப் பிடிக்கக் கூடாது. வலது முன்கை கிட்டாரின் பெட்டியை உடம்போடு அணைத்திருக்கட்டும். இடது கை தன் எடையால் கழுத்தைப் பின்னோக்கி இழுக்கட்டும். கட்டை விரலை முழுவதும் எடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள். சிரமம்தான், ஆனால் விசை எங்கிருந்து வர வேண்டும் என்று கைக்குப் புரிந்துவிடும். பிறகு கட்டை விரலை நடுவிரலுக்கு நேர் பின்னே, கழுத்தின் நடுவில், சும்மா தொட்டிருக்கும்படி வையுங்கள்.

எஃப்பில் ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டியதில்லை. 5, 4-ஐ மோதிர விரலும் சுண்டு விரலும் மூன்றாம் கட்டத்திலும், 3-ஐ நடுவிரல் இரண்டாம் கட்டத்திலும் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டியின் பொறுப்பு 6, 2, 1 மட்டுமே. உங்களுக்குச் செத்துப்போவது அதே 2-ம் 1-ம். வழக்கமான காரணங்கள் இவை:

விரல் மூட்டின் மடிப்புக்குள் தந்தி புதைவது. விரலைக் கூரைப்பக்கம் அல்லது தரைப்பக்கம் இரண்டு மி.மீ நகர்த்தினாலே சரியாகும்.

விரலின் மெத்தென்ற உட்பக்கத்தால் அழுத்துவது. கட்டை விரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு தெரியும் ஓரத்தால் அழுத்துங்கள். முழங்கையை விலாவை நோக்கிக் கொண்டுவந்தால் விரல் தானே உருளும்.

நடுவிரல் படுத்துக்கொண்டு 2-ஆம் தந்தியைத் தொடுவது. இதைக் கண்டுபிடிக்க ஆள்காட்டியை மட்டும் வைத்து 6, 2, 1-ஐ ஒவ்வொன்றாக மீட்டுங்கள். சுத்தமாக இருந்தால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்த விரல் வந்ததும் ஒலி சாகிறதோ அதைத்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று: முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். கிட்டாரிலேயே பார் பிடிக்கக் கடினமான இடம் அது. தந்தியின் ஒலிக்கும் நீளம் 648 மி.மீ உள்ள கிட்டாரில் முதல் கட்டம் 36 மி.மீ அகலம், ஐந்தாவது கட்டம் 29 தான். நட் அருகில் தந்தி விறைப்பாகவும் இருக்கும். இதே வடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் அது ஏ மேஜர். அங்கே ஆறு தந்தியும் தெளிவாகப் பேசிய பிறகு 4, 3, 2 என்று ஒவ்வொரு கட்டமாக இறங்குங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு தடவை. விரல் நுனி எரிச்சல் இயல்பு. மணிக்கட்டிலோ கட்டை விரல் அடியிலோ வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

தாளக்கட்டை:

மூணாவது கேள்விக்கு மட்டும் சொல்றேன். ஜி கார்டை எந்த விரல்ல பிடிக்கிறீங்க? நடு, ஆள்காட்டி, மோதிரம்னு பிடிச்சா சிக்குப் போக மூணு விரலும் புதுசா இடம் தேடணும். அதுக்குப் பதிலா மோதிர விரல் 6-ஆம் தந்தி மூணாம் கட்டம், நடுவிரல் 5-ஆம் தந்தி ரெண்டாம் கட்டம், சுண்டு விரல் 1-ஆம் தந்தி மூணாம் கட்டம்னு வையுங்க. இப்ப சிக்கு மாறணும்னா மோதிரமும் நடுவும் சேர்ந்து ஒரே ஒரு தந்தி தள்ளினா போதும். சுண்டு விரலைத் தூக்கிட்டு ஆள்காட்டியை 2-ஆம் தந்தி முதல் கட்டத்துல இறக்குங்க. சியிலேர்ந்து ஏ மைனருக்கு இன்னும் சுலபம், மோதிர விரல் மட்டும்தான் நகரும்.

பயிற்சி: ஒரு நிமிஷம் டைமர் வெச்சு, ஜி-சி எத்தனை தடவை மாறுறீங்கன்னு எண்ணி எழுதி வையுங்க. மீட்டுறது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே ஒரு தடவை. 80 வேகத்துல (நிமிஷத்துக்கு 80 தட்டு) நாலு தட்டுக்கு ஒரு கார்ட்னா நிமிஷத்துக்கு 20 மாற்றம் வரும். பயிற்சியில 40 தொட்டாத்தான் பாட்டுல 20 நிதானமா வரும்.

ஓட்டை விழறதுக்கு நிஜமான காரணம் இடது கை தாமதம் இல்ல, அதுக்காக வலது கை நின்னு காத்திருக்கிறதுதான். வலது கை எதுக்காகவும் நிக்கக் கூடாது. நாலாம் தட்டுக்கு அப்புறம் வர்ற மேல்வீச்சுல இடது கையைத் தூக்கிடுங்க, அந்த வீச்சு திறந்த தந்திகள்ல விழட்டும். 80 வேகத்துல அது கிட்டத்தட்ட 0.4 வினாடி; கேட்கிறவங்களுக்கு உறுத்தாது. அடுத்த முதல் தட்டுக்குக் கார்ட் பாதிதான் வந்திருந்தாலும் அடிச்சுட்டுப் போயிடுங்க. மெட்ரோனோமை 60ல ஆரம்பிங்க.

ஆறுதந்தி:

மூவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். முதல் ஃப்ரெட்டில் 6-ஆம் தந்தி 12 சென்ட், 1-ஆம் தந்தி 14 சென்ட் மேலே நிற்கிறது. 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி சரி. நான்காக மடித்த தாள் நுழைகிறது. 12-ஆம் ஃப்ரெட் உயரம் 6-ஆம் தந்திக்கு 3 மி.மீ. நட்டை நானே அராவலாமா? கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகினால் உயரம் குறையுமா?

சாடில்மேடு:

நட்டைச் சாதாரண அரத்தால் தொடாதீர்கள். ஒவ்வொரு பள்ளமும் அந்தத் தந்தியின் கனத்துக்கு ஏற்ற அகலத்தில், தலைப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகப் போனால் பள்ளத்தை அடைத்து மறுபடி வெட்ட வேண்டும், இல்லையேல் புது நட். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவுக்கானது, தந்தி உயரத்துக்கானது அல்ல. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போட்டு, கழுத்து பெட்டியோடு சேரும் இடத்தில் 6-ஆம் தந்தியை அழுத்தி, 7-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ அளவில் இருந்தால் ராடைத் தொடவே வேண்டாம்.

வளைவு சரியாக இருந்தால் 3 மி.மீ-ஐ 2.4 ஆக்குவது சாடில் (பெட்டியின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) வேலை. 12-ஆம் ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே 0.6 குறைய சாடிலின் அடியில் 1.2 மி.மீ தேய்க்க வேண்டும். பென்சிலில் கோடு போட்டு, கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் செங்குத்தாகப் பிடித்துத் தேய்க்கலாம். அடி சமமாக இல்லாவிட்டால் ஒலி மங்கும். கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்தி, மாட்டி அளந்து, பிறகு தொடருங்கள்.

பழுதுபார்க்கும் வரை ஒரு வழி உண்டு: ஆறு தந்தியையும் அரைச்சுரம் இறக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், நட்டின் மேடு கணக்கிலிருந்து போய்விடும், தந்தி இழுவிசையும் ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். எஃப் பிடிக்கும் இடம் இரண்டாவது கட்டமாகிவிடும். கேப்போ போட்ட பிறகு ட்யூனரில் மறுபடி சரிபாருங்கள், அது தந்தியைக் கொஞ்சம் இழுக்கும்.

பார்விரல்:

அதுவரை பாட்டில் எஃப் வந்தால் நான்கு தந்தி எஃப் போதும்: மோதிரம் 4-ஆம் தந்தி மூன்றாம் கட்டம், நடு 3-ஆம் தந்தி இரண்டாம் கட்டம், ஆள்காட்டி 2, 1 இரண்டையும் முதல் கட்டத்தில் படுத்து அழுத்தும். 5, 6-ஐ மீட்டக் கூடாது. கட்டை விரல் நுனியால் 6-ஐத் தொட்டு அடக்கிவிட்டு, 4-இலிருந்து கீழே வீசுங்கள். 1-ஆம் தந்தியைத் திறந்தே விட்டால் எஃப் மேஜர் செவன் ஆகும், சியிலிருந்து வரும்போது அழகாகவே இருக்கும். ஆனால் அதிலேயே தங்கிவிடாமல் 5-ஆம் ஃப்ரெட் பயிற்சியைத் தினமும் தொடருங்கள்.