முகத்துவாரத்தில் கணவாய்: இருட்டு இருந்தும் ஏறாதது ஏன்?

மோதறைப்போட்
கொழும்பில் களனி கங்கை கடலில் சேருகிற முகத்துவாரத்தில் இரவில் விளக்கு வைத்துக் கணவாய் (squid) பிடிக்கிறேன். 18 அடி பிளாஸ்டிக் போட், 12 வோல்ட் எல்ஈடி விளக்கு இரண்டு, ஜிக் தூண்டில் (சுற்றிவர ஊசி உள்ள கணவாய்த் தூண்டில்). 12 பாகம் ஆழம் (ஒரு பாகம் ஆறு அடி). போன அமாவாசைக்கு நல்லா ஏறின கணவாய் இந்த அமாவாசைக்கு ஒன்றுகூட இல்லை. காற்றும் இல்லை. எதைப் பார்த்துக் கடலுக்கு இறங்க வேண்டும், அண்ணாமார்?

பாகக்கயிறு
தம்பி, முதலில் மழையைப் பாருங்கள். ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் கொட்டின மழை ஓரிரு நாளில் களனி கங்கை வழியாக முகத்துவாரத்துக்கு வந்துவிடும். நல்ல தண்ணீர் பாரம் குறைவு, அதனால் கடலுக்கு மேலே செம்மண் நிறத்தில் விரிந்து கிடக்கும். உப்புக் குறைந்த தண்ணீரைக் கணவாய் தாங்காது. அது கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற உயிர் என்பதால் கலங்கலிலும் நிற்காது.

பொழுது சாய முன் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். இரண்டு பாகத்துக்குள் மறைந்தால் உங்கள் விளக்கு வெளிச்சமும் கீழே போகாது. அந்த இடத்தில் போட் எண்ணெயை வீணாக்காதீர்கள். நுரையும் ஆகாயத்தாமரையும் வரிசையாக மிதக்கிற ஒரு கோடு தெரியும், நிறம் மாறுவது அங்கேதான். அதைத் தாண்டி நீலத் தண்ணீர்ப் பக்கம் போடுங்கள். கரையோரத் தண்ணீரில் பச்சை வெளிச்சம்தான் ஆழம் போகும்.

கச்சான்காற்று
மேலே சொன்னது சரி. இருட்டில்தான் கணவாய் விளக்கடிக்குக் கூடும், அதனால் நிலவுக்கும் கணக்கு உண்டு, அமாவாசையை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. போயாவுக்கு (பௌர்ணமிக்கு) பிறகு நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தி எழும்பும். நான்காம் நாள் முன்னிரவில் மூன்று மணித்தியால இருட்டுக் கிடைக்கும். போயாவுக்கு முந்தின நாட்களில் இருட்டு விடியப்புறம்தான்.

தூண்டிலை வெளிச்சத்தின் நடுவில் போடாதீர்கள். போட்டின் நிழல் விழுகிற ஓரத்தில்தான் கணவாய் ஒதுங்கி நிற்கும்.

காற்று இல்லாவிட்டாலும் தூரத்து அலை வரும். ஜிக் ஊசியில் எதிர்முள் கிடையாது. அலையில் போட் இறங்கும்போது நூல் தளர்ந்தால் கணவாய் கழன்றுவிடும், ஏறும்போது வெட்டி இழுத்தால் கணவாயின் கை அறுந்து ஊசியில் அது மட்டும் மிஞ்சும். நூலில் ஒரு முழம் ரப்பர் சேர்த்துக் கட்டுங்கள். நீரோட்டம் கூடி நூல் சரிந்தால் ஈயத்தைக் கூட்டுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும்போது சின்னப் போட்டோடு இந்தப் பக்கம் இறங்கவே வேண்டாம்.

மோதறைப்போட்
நன்றி. நங்கூரக் கயிற்றில் வெள்ளையாக, விரல் விரலாகக் கொத்தாய் ஒட்டி வந்தது. அது என்ன?

பாகக்கயிறு
கணவாய் முட்டை. பிய்த்து எறியாமல் கயிற்றோடு மெதுவாக இறக்கிவிட்டு இடத்தை மாற்றுங்கள். நம் கடல் சூட்டில் பொரிக்க மூன்று கிழமை அளவில் எடுக்கும். கணவாய்க்கு ஆயுளே ஏறக்குறைய ஒரு வருடம்தான். மீனைப்போல் நாலைந்து வயதுக் கூட்டம் கடலில் மிச்சம் இருக்காது. பசிபிக் கடல் சூடேறின 1997–98 எல் நினோவில் கலிபோர்னியாக் கணவாய்த் தொழில் ஒரே பருவத்தில் படுத்தது, கடல் குளிர்ந்ததும் அடுத்த வருடமே எழும்பியது. இங்கே இந்த வருட முட்டையை அழித்தால் அடுத்த வருடம் எந்த அமாவாசைக்கும் விளக்கடிக்கு ஒன்றும் வராது.

விளக்கு வைத்துப் பிடிப்பதற்கு உள்ள விதிகளைக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.